பீரங்கியில் போன மூவர் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் பாலக்கோட்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். லீவில் ஜூல்ஸ் வெர்னின் 'பூமியிலிருந்து நிலாவுக்கு', அதன் தொடர்ச்சியான 'நிலாவைச் சுற்றி' இரண்டையும் ஆங்கிலச் சுருக்கப் பதிப்பில் படித்தேன். கீழே வைக்கவே மனம் வரவில்லை. மூன்று பேர் ஒரு குண்டுக்குள் உட்கார்ந்து, பீரங்கியால் நிலாவை நோக்கிச் சுடப்படும் அந்தக் கதையை ஓசூரில் பாலிடெக்னிக் படிக்கும் என் அண்ணனிடம் சொன்னேன். "பீரங்கியில சுட்டா உள்ள இருந்தவங்க சட்னிதான், போ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அது உண்மையா? எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது? செத்துப்போன நாயை வெளியே தள்ளிய பிறகும் அது கூடவே வருகிறதே, அது சரியா? கடைசியாக ஒரு ஆசைக் கேள்வி: அந்தப் பீரங்கியை ஃபுளோரிடாவுக்குப் பதில் எங்கள் ஊரில் வைத்திருக்கலாமா?

ம., பாலக்கோடு

அன்புள்ள ம.,

அண்ணன் சொன்னது சரி. ஆனால் பாலிடெக்னிக் மாணவர் எவ்வளவு சட்னி என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பாடப்புத்தகச் சமன்பாடே போதும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் பொருளுக்கு, அது எட்டும் வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். நாவலில் வேகம் நொடிக்கு 12,000 கெஜம், ஏறக்குறைய 11,000 மீட்டர். குழாயின் நீளம் 900 அடி, அதாவது 274 மீட்டர். உங்கள் பக்கத்தில் போர்வெல் போகிற ஆழம்தான். 11,000இன் வர்க்கம் 12.1 கோடி. அதை 548ஆல் வகுத்தால் சுமார் 2,20,800. புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் இதை வகுத்தால் 22,500 சொச்சம் மடங்கு. 50 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கணத்தில் 1,125 டன் கனப்பார். குழாயைவிட்டு வெளியே வர ஆகும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு.

இதுவும் சலுகை காட்டிய கணக்கு. குழாய் முழுக்க ஒரே சீராகத் தள்ளுவதாக வைத்துக்கொண்டோம். பீரங்கியில் வெடிமருந்து பற்றியதும் அழுத்தம் உச்சத்துக்குப் போய், குண்டு நகர நகரக் குறையும். குழாயின் அடியில் கொஞ்ச நீளத்தை மருந்தே அடைத்துக்கொள்ளும். ஆகவே தொடக்கத்தில் 22,500ஐவிட மோசம்.

வெர்னுக்கு இந்தச் சிக்கல் தெரியும். அதனால்தான் பயணிகளின் தரைக்கு அடியில் மூன்றடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, இடையிடையே உடையும் பலகைத் தடுப்புகளை வைத்தார். படிக்கும்போது நம்பத் தோன்றும். சமன்பாட்டில் வைத்தால் நிற்காது. முடுக்கத்தைக் குறைக்க ஒரே வழி, அதே வேகத்தை அதிக தூரத்தில் எட்டுவது. தண்ணீர் மெத்தை 274 மீட்டரோடு ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் சேர்க்கிறது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவாரசியம். அப்போலோ வீரர்கள் சாட்டர்ன் 5 ராக்கெட்டில் தாங்கிய உச்சம் புவியீர்ப்பைப்போல் சுமார் 4 மடங்கு. அந்த 4 மடங்கிலேயே நிறுத்தி நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எவ்வளவு நீளக் குழாய் வேண்டும்? 12.1 கோடியை 78.4ஆல் (2 × 4 × 9.8) வகுங்கள். 1,540 கிலோமீட்டர் வரும். கிருஷ்ணகிரியில் குழாயின் அடியை வைத்து நேர்வடக்கே படுக்கப்போட்டால் வாய் குவாலியரில் இருக்கும். ஹெர்மன் ஓபர்த் சிறுவயதில் இந்த நாவல்களைப் படித்துவிட்டு இதே முடுக்கத்தைத்தான் கணக்கிட்டுப் பார்த்தார். பின்னால் 1923இல் கோள்களுக்கு ராக்கெட்டில் போவதைப் பற்றி நூல் எழுதியவர் அவர்.

சட்னியைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. உங்கள் அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. காற்று. காற்று மண்டலத்தைச் சில நொடிகளில் கடந்துவிடலாம், தடை பெரிதாக இராது என்று நாவலில் தள்ளிவிடுகிறார்கள். தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் நிற்கும் காற்று சுமார் 10 டன். குண்டின் விட்டம் 9 அடி, குறுக்குப் பரப்பு 5.9 சதுர மீட்டர். அதன் தலைக்கு மேல் 60 டன் காற்று நிற்கிறது. குண்டு 19,250 பவுண்டு, 8.7 டன்தான். தன்னைப்போல் ஏழு மடங்கு எடையை ஒதுக்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். மீதி வேகம் நிலாவுக்குப் போதாது. அலுமினியக் கூடு மிஞ்சுமா என்பதே சந்தேகம். வெடிமருந்துக்கும் ஓர் எல்லை உண்டு: மருந்து வாயுவாகித் தன்னையும் தள்ளிக்கொண்டுதான் குண்டைத் தள்ள வேண்டும். நாவலில் பஞ்சு வெடிமருந்து 4,00,000 பவுண்டு, 181 டன். அது தள்ள வேண்டிய குண்டைப்போல் இருபது மடங்கு. 1966இல் அமெரிக்காவின் யூமாவில், நீளம் கூட்டிய 16 அங்குலப் பீரங்கியால் 180 கிலோமீட்டர் உயரம் வரை சுட்டார்கள். அப்போதும் வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது.

அப்படியானால் வெர்ன் ஏன் ராக்கெட்டை எடுக்கவில்லை? எடுத்தார் என்பதுதான் வேடிக்கை. நிலாவில் இறங்கும்போது வேகத்தைத் தணிக்க அந்தக் குண்டில் வாணங்கள் இருக்கின்றன. காற்றில்லாத இடத்திலும் வாணம் உந்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. (உங்கள் பக்கம் பாரமகால் என்ற பெயரில், 1792 வரை திப்புவின் கையில் இருந்த காலத்திலேயே மைசூர்ப் படையிடம் இரும்புக்குழாய் வாணங்கள் இருந்தன.) ஏவுவதற்கு மட்டும் பீரங்கி. காரணம் இயற்பியலில் இல்லை, கதையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நாவலில் நிலாவை நோக்கிச் சுடுவது, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் வேலையற்றுப்போன பீரங்கிக்காரர்களின் சங்கம். நான்கு பேருக்கு ஒரு முழுக் கை தேறாது, ஆறு பேருக்கு இரண்டு கால் என்று அவர்களைக் கிண்டலோடு அறிமுகப்படுத்துகிறார். சுடுவதற்கு ஆளில்லாமல் தவிப்பவர்கள் நிலாவைக் குறிவைக்கிறார்கள். பீரங்கியை எடுத்துவிட்டால் அந்தக் கிண்டல் போய்விடும்.

பாலக்கோடு? வெர்னின் விதிப்படி தாராளமாக வைக்கலாம். நிலா நேர் உச்சிக்கு வரும் ஊர் வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அதற்கு அட்சரேகை வடக்கிலோ தெற்கிலோ 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸின் தென்கோடியும் ஃபுளோரிடாவும் மட்டும் தேறுவதால்தான் இரண்டு மாநிலத்தாரும் அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊர் 12.3 டிகிரி. ஒவ்வொரு மாதமும் இரண்டு முறை நிலா உங்கள் உச்சியை ஒட்டிக் கடக்கும். முழுநிலவாகவே பார்க்க வேண்டுமென்றால் மாசி மகம். மக நட்சத்திரம் வானில் ஏறக்குறைய 12 டிகிரி வடக்கில் இருப்பதால், அன்று நள்ளிரவு பன்னிரண்டரையை ஒட்டி நிலா உங்கள் தலைக்கு மேல் ஐந்தாறு டிகிரிக்குள் நிற்கும்.

ஆனால் உச்சியில் நிலாவைப் பார்த்துக்கொண்டு சுட்டால் தவறிவிடும். பயணம் 97 மணி நேரம். நிலா நாளைக்கு 13 டிகிரி நகர்கிறது, நான்கு நாளில் 53. பூமி சுழல்வதால் குண்டு விலகும் 11 டிகிரியையும் சேர்த்து 64 என்று வெர்ன் கணக்கிட்டார். சுடும்போது நிலா உச்சியிலிருந்து 64 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். இந்தப் பகுதியை அவர் எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார் பாருங்கள்.

நாய்க்கு வருவோம். சேட்டிலைட் என்ற அந்த நாயின் உடல் கூடவே வருவது மிகச் சரி. குழாயைவிட்டுக் காற்றையும் கடந்த பிறகு குண்டின்மேல் ஈர்ப்பு மட்டுமே வேலை செய்கிறது. எடை எதுவானாலும் எல்லாம் ஒரே முடுக்கத்தில் போகும். இதே காரணத்தால் உள்ளே இருந்த மூவரும் அப்போதிருந்தே மிதந்திருக்க வேண்டும். வெர்னோ பூமியின் இழுப்பும் நிலாவின் இழுப்பும் சமமாகும் இடத்தில், பூமியிலிருந்து சுமார் 3,46,000 கிலோமீட்டரில், சற்று நேரம் மட்டும் மிதக்கவிடுகிறார். அதுவரை தரையில் நின்று சாப்பிடுகிறார்கள். வெளியே நாயைச் சரியாகப் போட்டவர் உள்ளே ஆட்களைத் தப்பாக நிறுத்திவிட்டார். பீரங்கி அவர் தெரிந்தே செய்தது. இது உண்மையான சறுக்கல்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு லிட்டர் பெட் பாட்டிலின் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு சின்ன ஓட்டை. தண்ணீர் நிரப்பி மூடியைக் கழற்றிவிடுங்கள். மூடி இருந்தால் தண்ணீர் முதலிலேயே நின்றுவிடும், சோதனை பாழ். கீழே ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டு மொட்டைமாடியிலிருந்து தள்ளாமல், சுழற்றாமல் கையை விடுங்கள். விழும் முக்கால் நொடியில் ஓட்டையிலிருந்து பீய்ச்சுவது நின்றிருக்கும். அண்ணனை செல்போனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள்.

உள்ளே மூச்சுவிட அவர் செய்த ஏற்பாடு, பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கி ஆக்சிஜன் எடுப்பது, வேதியியல்படி சரி: 245 கிராமுக்கு 96 கிராம் ஆக்சிஜன். ஒருவருக்கு நாளைக்கு 840 கிராம் என்று வைத்து மூவருக்கு எவ்வளவு குளோரேட் என்று போட்டுப் பாருங்கள். தாளில் மட்டும். குளோரேட்டைக் கையால் தொட்டு விளையாடக் கூடாது.

சுருக்கப் பதிப்பில் முதலில் வெட்டுவது இந்த எண்களையும் சங்கத்துக் கிண்டலையும்தான். முழு ஆங்கில வடிவம் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய மொழிபெயர்ப்புகளில் எண்களும் அலகுகளும் அங்கங்கே இடறும். ஏதாவது எண் இடித்தால் முதலில் அடியையும் கெஜத்தையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.