பூஞ்சை உடம்பா, புது உடம்பா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். மார்ச் பிறந்தால், புதிதாக வரும் பையன்கள் ரெண்டாம் நாளே தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய என் கொத்தனார்கள் அசராமல் நிற்கிறார்கள். இந்தத் தலைமுறைக்குத் தெம்பே இல்லையா? - ஒரு மேஸ்திரி, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்: உங்கள் கொத்தனார்களை மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஏப்ரலில் தளம் போடக் கூப்பிட்டுப் பாருங்கள் மேஸ்திரி. அவர்களுக்கும் தலை சுற்றும்.

வெயில் வேலைக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் வெளியேறும் உப்பு குறையும். நேற்று வந்த பையனுக்கு இதில் எதுவும் நடந்திருக்காது. அந்தக் காலத்தில் மயங்கி விழுந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். தாக்குப்பிடித்தவர்கள் மட்டும்தான் இன்று உங்கள் கண்ணில் படுகிறார்கள். வெயிலும் லேசுப்பட்டதில்லை. 2024 ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை அறிவிப்பே வந்தது.

புது ஆளுக்கு முதல் நாள் வெயிலில் கனத்த வேலை ஐந்தில் ஒரு பங்கு போதும், அதாவது ஒன்றரை மணி நேரம். தினமும் அதே அளவு கூட்டினால் ஐந்தாம் நாள் முழு வேலை. பழைய ஆள் விஷு, சித்திரை நோன்பி என்று ஒரு வாரத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டு வந்தால், முதல் நாள் பாதி, அடுத்து 60, 80 சதவீதம், நான்காம் நாள் முழுசு. மீதி நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். நிழலில் கம்பி வளைக்க, வளையம் கட்ட வையுங்கள். கூலி குறையும் என்று தெரிந்தால் எந்தப் பையனும் மயக்கத்தைச் சொல்லமாட்டான். கேரளத் தொழிலாளர் துறை கோடையில் பகல் 12 முதல் 3 வரை வெயில் வேலையை நிறுத்தச் சொல்கிறது. அதைப் புது ஆளுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் கடைப்பிடியுங்கள்.

தாகத்துக்குக் காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஒரே மூச்சில் குடம் குடமாகக் குடிப்பது வேறு ஆபத்து: மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பு இறங்கும். நடுவில் உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ கொடுங்கள். காலையில் வெறும் டீயோடு வருகிறவனை முதலில் சாப்பிட அனுப்புங்கள். பாதி மயக்கம் அதிலேயே தீரும்.

பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். வியர்க்கிறதே என்று ஏமாற வேண்டாம். உழைக்கிறவனுக்கு வியர்வையோடும் அது வரும். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூடவே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, காய்ச்சல் மாத்திரை பயன்படாது.

ஒன்று மட்டும். அசராமல் நிற்கும் அந்தக் கொத்தனார்களில் பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர் யார் என்று கேட்டு வையுங்கள். பையன்களைவிட அவர்மீதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகள் ஒரு சொல் சொன்னால் அழுகிறாள். “எங்க காலத்துல அடி வாங்கியும் சிரிச்சோம்” என்கிறார் அவள் அப்பச்சி. அவர் சொல்வது சரியா? - மீனாட்சிபுரம் வாசகி

பதில்: அப்பச்சியின் ஞாபகத்தை அப்படியே நம்ப வேண்டாம். உளவியல் ஆய்வாளர்கள் ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நிறையப் படித்தவர்களே ‘இக்காலப் பிள்ளைகள் படிப்பதில்லை’ என்று அதிகம் குறைப்பட்டார்கள். இன்றைய தன்னை வைத்தே பழைய காலத்தையும் மனம் வரைந்துகொள்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

அழுகையை எண்ண வேண்டாம். தூக்கம், சாப்பாடு, தோழிகளோடு பேச்சு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல ஆலோசனை எண். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்கள் பேசிவிட்டு, பிறகு போனை அவளிடம் கொடுங்கள்.