ஐந்தாவது டவுன்

அன்புள்ள ஐயா,

மிசூரி மாநிலத்தின் கொலம்பியாவில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். படிக்க வந்து இங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமை பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கொலராடோக்காரர் வந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டின்போது, நடுவர்களின் பிழையால் கொலராடோ மிசூரியை வென்ற 1990 ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. “நடுவர் தப்பு செய்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார். நான் சத்தம் போட்டுவிட்டேன். மூன்று வாரமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அந்த ஆட்டம் நடந்தபோது நான் பிறக்கவே இல்லை. என் கோபத்தில் நியாயம் உண்டா?

ச.

அன்புள்ள ச.,

உண்டு. ஆனால் முழு நியாயமும் உங்கள் பக்கம் இல்லை.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்கிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கிரிக்கெட்டில் நடுவர் எண்ணிக்கை தவறி, ஓவரில் ஏழாவது பந்தையும் வீசவிட்டு, அந்தப் பந்திலேயே ஆட்டம் முடிந்துபோவதை நினைத்துக்கொள்ளுங்கள். 1990 அக்டோபர் 6 அன்று உங்கள் ஊரில் நடந்தது அதுதான்.

மிசூரி 31, கொலராடோ 27. அரை நிமிடம்தான் மிச்சம். பந்து கொலராடோவிடம், எல்லைக்கோட்டிலிருந்து மூன்று கெஜத்தில். முதல் டவுனில் கடிகாரத்தை நிறுத்துவதற்காகக் கொலராடோ பந்தைத் தரையில் அடித்தது. இரண்டாவதில் கொலராடோவின் எரிக் பீனமி பந்தோடு ஓடினார், கோட்டுக்கு முன்னாலேயே மடக்கினார்கள். கொலராடோ டைம்-அவுட் கேட்டது. அந்த இடைவெளியில்தான் எத்தனையாவது டவுன் என்று காட்டும் ஓரத்துக் கம்பத்திலிருந்த எண்ணை 3 என்று மாற்ற மறந்தார்கள். பீனமி மறுபடி ஓடினார், மறுபடி தடுத்தார்கள். அடுத்தது நான்காவது. கம்பமோ மூன்று என்றது. கொலராடோவின் குவாட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர், சார்லஸ் ஜான்சன் மீண்டும் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். பிறகு ஐந்தாவது டவுனில் கோட்டுக்குள் பாய்ந்தார். 33-31. அவர் கோட்டைத் தாண்டவே இல்லை என்று சொல்பவர்கள் உங்கள் ஊரில் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

ஜான்சன் நான்காவது டவுனை வீணாக்கியது ஏன்? இன்னொன்று பாக்கி இருக்கிறது என்று நடுவர்கள் காட்டியதால். சரியான எண் தெரிந்திருந்தால் பந்தைத் தரையில் அடித்திருக்க மாட்டார், கோட்டை நோக்கி ஆடியிருப்பார். நுழைந்திருப்பாரா, யாருக்குத் தெரியும்? அதனால் உங்கள் நண்பர் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. அந்தப் பிழை இரண்டு அணிகளின் ஆட்டத்தையுமே கெடுத்தது.

எனக்கு வலிப்பது அதற்குப் பின் நடந்தவை. இரண்டு அணிகளும் சேர்ந்திருந்த பிக் எய்ட் கூட்டமைப்பு நடுவர் குழுவை இடைநீக்கம் செய்தது. முடிவை மாற்ற விதியில் இடமில்லை என்றது. வெற்றியைத் திருப்பித் தருவதென்றால் கொலராடோ தானாக முன்வந்து தர வேண்டும். பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னியோ களம் வழுக்கியதைக் குறை சொன்னார். இத்தனைக்கும் அவர் மிசூரி அணிக்காக ஆடியவர். அந்த ஆண்டு இறுதியில் நாட்டின் சிறந்த கல்லூரி அணியைத் தேர்ந்தெடுக்கும் ஏபி செய்தி நிறுவன வாக்கெடுப்பில் கொலராடோ முதலிடம் பெற்றது. அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால் அது கிடைத்திருக்காது. தாம் வருந்துவதாக மெக்கார்ட்னி பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். தோற்ற வாரத்தில் அந்தச் சொல் மிசூரி ஆட்டக்காரர்களின் காதில் விழுந்திருக்க வேண்டும்.

வென்ற அணி தானாகவே வெற்றியை விட்டுத்தந்ததும் நடந்திருக்கிறது. 1940 நவம்பரில் டார்ட்மத் பல்கலைக்கழக அணியை அதன் களத்திலேயே கார்னெல் பல்கலைக்கழக அணி கடைசி நொடிகளில் இதேபோல் ஐந்தாவது டவுனில் 7-3 என்று வென்றது. அப்போது அது 18 ஆட்டங்களாகத் தோல்வி காணாத அணி. நடுவர் ரெட் ஃப்ரீசல் தன் தவறை ஒப்புக்கொண்டார். கார்னெல் படச்சுருளைப் போட்டுப் பார்த்து, வெற்றியை விட்டுத்தருவதாகத் தந்தி அனுப்பியது. டார்ட்மத் ஏற்றுக்கொண்டது. இன்றும் பதிவேட்டில் 3-0, டார்ட்மத் வெற்றி. இருபது வயதுப் பையன்கள் ஆடிச் சேர்த்த தோல்வியில்லாக் கணக்கு அந்த ஒரு தந்தியில் போனது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ரீப்ளே வந்தபின் இந்தச் சண்டைகள் ஓய்ந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். 2006 செப்டம்பரில் ஆரகன்-ஓக்லஹோமா ஆட்டத்தில் ரீப்ளேயைப் பார்த்த பிறகும் தவறாகத்தான் தீர்ப்பளித்தார்கள். ஆரகன் 34-33 என்று வென்றது. ரீப்ளே நடுவரின் வீட்டுக்குக் கொலை மிரட்டல் போனது. ஒரு தீர்ப்புக்காக ஒரு மனிதரின் குடும்பத்தை நடுங்கவைத்த ரசிகர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் கோபம் சாப்பாட்டு மேசையோடு நின்றது. அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

நாளை மதியம் அவர் எதிரில் போய் உட்காருங்கள். ஜான்சன் நான்காவது டவுனில் ஏன் பந்தைத் தரையில் அடித்தார் என்பதை முதலில் நீங்களே சொல்லுங்கள். அவர் ஆமாம் என்று தலையசைத்ததும், அந்தத் தந்தியைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.