32 அங்குல டிவியா, 24 அங்குல மானிட்டரா?

கேள்வி: மகள் பி.காம். படிக்கிறாள். லேப்டாப் திரை சின்னது, எக்ஸெல் பார்த்தால் கண் வலிக்கிறது என்கிறாள். மானிட்டர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், 24 அங்குல மானிட்டர் விலைக்கே 32 அங்குல டிவியும் கிடைக்கிறது. அதிலும் லேப்டாப்பை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ இருக்கிறதே, டிவியையே வாங்கிவிட்டால் என்ன? - வாசகர், திருச்சி

பதில்: மகளின் கண்ணுக்காக வாங்குகிறீர்கள் என்றால் டிவி வேண்டாம்.

அங்குலத்தை விடுங்கள், திரையில் படத்தை உருவாக்கும் புள்ளிகளை (பிக்சல்) பாருங்கள். அந்த விலைக்கு வரும் 32 அங்குல டிவி பெரும்பாலும் ‘ஹெச்டி ரெடி’தான், 1366 x 768 புள்ளிகள். 24 அங்குல மானிட்டரில் 1920 x 1080. கணக்குப் போட்டால், ஓர் அங்குல நீளத்துக்கு டிவியில் சுமார் 49 புள்ளிகள், மானிட்டரில் 92. எட்டடி தள்ளி உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க 49 தாராளம். மேசையில் இரண்டடி தூரத்தில் எழுத்தெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். தமிழில் இன்னும் மோசம்: ன எது, ண எது என்று கண்ணைச் சுருக்க வேண்டிவரும். அட்டைப்பெட்டியில் ‘4கே சப்போர்ட்’ (4கே என்றால் 3840 x 2160 புள்ளிகள்) என்று போட்டிருந்தாலும் மயங்காதீர்கள். 4கே படத்தை அனுப்பினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் தன்னிடம் உள்ள புள்ளிகளில்தான் காட்டும் என்பதுதான் பல நேரம் அதன் பொருள். ‘ரெசல்யூஷன்’ என்ற வரியில் உள்ள எண்தான் உண்மை.

நானும் டிவியில் கணக்கு எழுதிப் பார்த்தவன்தான். டாஸ்க்பார் பாதி காணாமல் போயிருந்தது! படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுவது டிவிகளின் பழைய பழக்கம். செட்டிங்ஸில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் சிவப்பு எழுத்துகள் மட்டும் கடைசிவரை கலங்கலாகவே இருந்தன. பல டிவிகள் நிறத் தகவலைக் குறைத்துக்கொண்டுதான் காட்டும். சினிமாவில் அது தெரியாது, எழுத்தில் தெரிந்துவிடும். சில டிவிகளில் ‘பிசி மோட்’ போட்டால் தீரும், என்னுடையதில் அது இல்லை.

43 அங்குல 4கே டிவி என்றால் கதை வேறு, அங்குலத்துக்கு 102 புள்ளிகள். ஆனால் விலையும் கூடும், ஆழமான மேசையும் வேண்டும். பழைய லேப்டாப்பாக இருந்தால் 4கே-யில் நொடிக்கு 30 முறைதான் படம் மாறும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும்.

மானிட்டரிலும் ஒன்று கவனியுங்கள். பலவற்றில் ஸ்பீக்கர் கிடையாது. சத்தம் லேப்டாப்பிலேயே வரட்டும் என்றால் பிரச்சினை இல்லை. அப்புறம், கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் மகளையும் கூட்டிப்போங்கள். அவளுடைய எக்ஸெல் ஷீட்டையே அதில் திறந்து, இரண்டடி தள்ளி உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும்.