பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கை கிளாசிக் பிரிவு கிளப் ரேஸில் ஓட்ட எங்கிருந்து தொடங்குவது?

1980களில் வந்த ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்கி, கிளப் ரேஸில் கிளாசிக் பிரிவில், அதாவது பழைய மாடல்களுக்கென்று உள்ள பிரிவில், ஓட்ட ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாடல் வாங்குவது, என்ஜினில் முதலில் எதை மாற்றுவது, இதற்குப் பதில் புதிய பைக்கே மேல் அல்லவா என்று மூன்று கேள்விகள். நடுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் அடிபட்டது அங்கேதான்.

முதல் பருவம் முழுவதும் என்ஜினைத் தொடாதீர்கள். ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, வண்டியில் இருக்கும் ஒவ்வொரு ரப்பர் துண்டையும் பாருங்கள்.

என்னுடைய முதல் கிளாசிக் பைக் 350 சிசி, இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். வாங்கிய கையோடு சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு, சைலன்சர்களை மாற்றி, பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஜெட்டுகளைப் பல நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாவது ரேஸ், நான்காவது சுற்று. நீண்ட நேர்ப்பாதையின் பாதியில் என்ஜின் சத்தம் மாறியது. அதுவரை இருந்த கரகரப்பு போய், கூர்மையாக, சுத்தமாக ஒலித்தது. வண்டி அதற்கு முன் ஒருநாளும் அப்படி இழுத்ததில்லை. நான் செய்த வேலைக்கெல்லாம் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வளைவுக்காக ஆக்சிலரேட்டரை மூடிய நொடியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அந்த இரண்டு விரல்கள்தான் என்னைக் காப்பாற்றின. கிளட்சைப் பிடித்ததும் சக்கரம் விடுபட்டது. கிளட்சை விடாமல், வலது கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓரமாகப் போய் நின்றேன்.

பிட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பக்கத்துக் கூடாரத்திலிருந்து என்னைவிட மூத்த ஓட்டுநர் ஒருவர் வந்தார். பிஸ்டனைப் பார்க்கவே இல்லை. கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மேலே பளபளவென்று இருந்த ரப்பர், கீழே வாய் பிளந்தது. நகம் உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு. "இந்த ரப்பருக்கு என்ன வயது தம்பி?" என்று கேட்டார். வண்டியோடு பிறந்த ரப்பர் அது. புது பிஸ்டனுக்கு மேலே அதைத் திரும்ப மாட்டியது நான்தான்.

நடந்தது இதுதான். வெடிப்பு வழியாகக் காற்று கூடுதலாக நுழைந்ததால் பெட்ரோலின் விகிதம் குறைந்துபோனது. அப்படி ஓடும் என்ஜின் கொஞ்ச நேரத்துக்கு அருமையாக இழுக்கும். அதே நேரத்தில் கடுமையாகச் சூடேறும். ரேஸுக்கான டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக வருவதில்லை, பெட்ரோலில் கலந்தே வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. நேர்ப்பாதையின் முடிவில் ஆக்சிலரேட்டரை மூடும்போது, என்ஜின் உச்ச வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, உள்ளே வரும் ஆயில் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் இருபுறமும் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்து இறுகினாலும் இதே கதைதான். அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு ரேஸுக்கு முன்பும் புகுவழியையும் புகைவழியையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கிறேன். சோப்பு நீரைத் தடவினால் எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் நோய்.

ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினாலும் ரப்பர் விடாது. பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் ஊதிப்போய், லீவர் கைப்பிடிவரை வரும். பின்னல் எஃகு ஹோஸாக மாற்றிவிடுங்கள், அநேகமாக எல்லாப் பிரிவுகளிலும் அனுமதி உண்டு. பிரேக் காலிப்பருக்குள் இருக்கும் சீல்கள், முன்சக்கர ஃபோர்க் சீல்கள், பின்சக்கர ஹப்பில் செயினின் இழுப்பைத் தாங்கும் ரப்பர்கள், பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றுக்கும் இதே பார்வை வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களை இன்னும் வேகமாகக் கெடுக்கிறது. டயரை மறக்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2315 என்றிருந்தால் அது 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கோடுகள் ஆழமாக இருக்கின்றன என்று சொல்லி விற்பார்கள். ரேஸ் ஓட்ட அந்த ஆழம் உதவாது, ரப்பர் மென்மையாக இருக்கிறதா என்பதே முக்கியம். பழைய டயரோடு வண்டி வந்தால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

எந்த மாடல் என்ற கேள்விக்கும் டயரிலிருந்தே பதில் தொடங்குகிறது. 1980களின் முதல் பாதியில் முன்சக்கரத்தை 16 அங்குலமாகச் சிறிதாக்குவது மோகமாக இருந்தது. 1984இல் வந்த கவாசாகி ஜிபிஇசட்900ஆர் அப்படிப்பட்டது. அருமையான என்ஜின், ஆனால் அந்த அளவில் இன்று நல்ல ரேஸ் டயருக்குத் தேர்வு மிகக் குறைவு. 18 அங்குலமும் 17 அங்குலமும் அப்படியல்ல. 18 அங்குலத்துக்குக் கிளாசிக் ரேஸை மனத்தில் வைத்தே டயர் செய்கிறார்கள். 17 அங்குலம் இன்றைய பைக்குகளின் அளவு.

அதனால் பெரிய பைக் என்றால் 1985இல் வந்த சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 என் முதல் பரிந்துரை. அக்காலத்து 750களில் பலவும் 200 கிலோவைத் தாண்டியபோது, இது அலுமினியச் சட்டத்தோடு 176 கிலோ உலர் எடையில் (பெட்ரோல், ஆயில் இல்லாமல்) வந்தது. இரு சக்கரங்களும் 18 அங்குலம். 1988 மாடலில் 17 அங்குலத்துக்கு மாறின. இன்னொரு வசதியும் உண்டு: என்ஜினை ஆயிலே குளிர்விக்கிறது, தண்ணீரும் ரேடியேட்டர் ஹோஸ்களும் கிடையாது. வயதாகும் ரப்பரில் ஒரு கூட்டமே குறைந்தது. இந்த மாடல் வேண்டுமென்றால் கார்புரேட்டர் ரப்பர்களும் கேஸ்கெட்டுகளும் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரித்துவிட்டு, பிறகு வண்டியை விலை பேசுங்கள். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் பைக் சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது என்பது என் கருத்து. ஜப்பானில் 400 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு உரிமம் பெறுவது கடினமாக இருந்ததால், அங்கே 400களை அவ்வளவு கவனத்தோடு செய்தார்கள். 1989இன் ஹோண்டா விஎஃப்ஆர்400ஆர், நான்கு சிலிண்டர் வி என்ஜின், பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒற்றைக்கைப் பின்தாங்கி, நிமிடத்துக்கு 14,000 சுழற்சிவரை பாடும். அதில் தவறு செய்தால் வண்டி உங்களிடம் சொல்லும். ஒரு பழைய 1100இல் அதே தவறுக்குப் புல்வெளிதான் பதில். ஆனால் இது எந்தப் பிரிவில் சேரும் என்பதை உங்கள் கிளப்பின் விதிப்புத்தகத்தில் பாருங்கள். மாடல் ஆண்டையும் என்ஜின் அளவையும் வைத்துத்தான் பிரிப்பார்கள், எந்த ஆண்டோடு கோடு போடுகிறார்கள் என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். ஓராண்டு வித்தியாசத்தில் உங்கள் பைக் பத்து ஆண்டு இளைய பைக்குகளோடு நிற்க நேரலாம். வாங்கிய பிறகு புத்தகத்தைத் திறப்பவர்கள் நிறையப் பேர்.

ரேஸ் நாள் பரிசோதனைக்கு வண்டியைத் தயார் செய்வது கைவேலைதான். விளக்குகள், கண்ணாடிகள், ஸ்டாண்டுகளைக் கழற்ற வேண்டும். ஆயில் வடிக்கும் போல்ட்டிலும் ஊற்றும் மூடியிலும் துளையிட்டு, கழன்றுவிடாதபடி கம்பி கட்ட வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் என்ஜின் ஆயிலைத் தாங்கும் அடித்தட்டு, கீழ்ச்செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் விரல் போகாதபடி காப்பு, ரேடியேட்டர் இருந்தால் அதில் வெறும் தண்ணீர். குளிர்காப்புத் திரவம் தடத்தில் சிந்தினால் அதன் வழுக்கல் எளிதில் போகாது.

இந்தக் கம்பியையும் தட்டையும் சடங்காக நினைக்காதீர்கள். ஒருமுறை ரேஸ் தொடங்கும் வரிசையில் நிற்கப் போகும்போது, பின்சக்கர விளிம்பில் விரல் தடவிப் பார்த்தேன், மெல்லிய ஈரம். ஆயிலா, காலையில் துடைத்த ஸ்பிரேயா என்று தெரியவில்லை. திரும்பிவிட்டேன். கியர் வெளித்தண்டின் சீல் கசிந்திருந்தது. அன்றைய நுழைவுக் கட்டணம் போனது போனதுதான். ஆனால் என் பின்னால் வரிசையில் நின்றவர்களில் மூன்று பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். என் ஆயில் மேல் முதலில் ஏறுவது அவர்களின் முன்சக்கரமாக இருந்திருக்கும்.

கொடிகளை எழுதி வைத்து மனப்பாடம் செய்யுங்கள். குறிப்பாகக் கருப்பின் நடுவில் ஆரஞ்சு வட்டம் உள்ள கொடி உங்கள் எண்ணோடு காட்டப்பட்டால், வண்டியில் ஏதோ கோளாறு என்று பொருள். மற்றவர்கள் வேகமாக வரும் பாதையான ரேஸிங் லைனை விட்டு விலகி உடனே வெளியேற வேண்டும். பழைய வண்டிக்காரர்களுக்கு அந்தக் கொடி மற்றவர்களைவிட அதிகம் வரும்.

கடைசிக் கேள்வி, புதிய பைக். வேகம்தான் வேண்டுமென்றால் புதியதை வாங்குங்கள், அதில் விவாதமே இல்லை. நான் பழையதிலேயே இருப்பதற்கு ஒரு வளைவு காரணம். 18 அங்குலச் சக்கரத்தில் வண்டி மெதுவாகத்தான் சாயும். முன்கூட்டியே தொடங்க வேண்டும். பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டர் இன்னும் திறக்காத அந்த இடைவெளியில் கார்புரேட்டர்கள் காற்றை உறிஞ்சும் சத்தம் தொட்டியின் அடியிலிருந்து கேட்கும். சக்தி குறைவு என்பதால், அங்கே இழந்த வேகத்தை அடுத்த நேர்ப்பாதையில் மீட்க முடியாது. உள்ளே கொண்டுபோன வேகத்தைத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். சென்ற பருவத்தின் கடைசி ரேஸில் அந்த வளைவைப் பிரேக்கைத் தொடாமல், ஒரு கியர் மட்டும் இறக்கி முதன்முறையாகக் கடந்தேன். எத்தனையாவது இடத்தில் முடித்தேன் என்று இப்போது யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.