தலையில் அடிபட்ட பையனை நாளைக்கு ஆட்டத்தில் இறக்கலாமா?

இறக்காதீர்கள். நேற்று கூடலூரில் தலையோடு தலை மோதிய 14 வயதுப் பையனுக்கு நாளை நிலம்பூர் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, வேண்டாம்.

'மயங்கவே இல்லையே' என்கிறீர்கள். அடிபட்டு மூளை குலுங்குகிற மூளை அதிர்ச்சியில் (concussion) பெரும்பாலோர் மயங்குவதில்லை. இன்னும் தலை கனக்கிறது என்கிறானே, அதுவாகத்தான் இருக்கும்.

நேற்று எதிரே ஆடியது யார், கடைசி கோல் யார் போட்டது என்று கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் இன்றே ஆஸ்பத்திரி. சரியாகச் சொன்னாலும் டாக்டர் பார்த்துச் சம்மதிக்காமல் பந்தைத் தொடக் கூடாது. ஆள் குறைகிறதா? சரி, ஆறு பேரோடு தோற்றுவிட்டு வாருங்கள்.

வேடிக்கை பார்க்கக்கூட நாடுகாணி வழியே கூட்டிப்போக வேண்டாம். வாந்தி வந்தால் மலைப்பாதை வளைவு என்று நினைத்துவிடுவீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே 108.