ஹாஸ்கெல் போன்ற ஃபங்ஷனல் மொழியில் புதிதாக ஒரு மெசேஜிங் லைப்ரரியை ஓப்பன் சோர்ஸாகத் தொடங்குவது எப்படி? ஒரே ஆளால் முடியுமா?

முடியும். நான் ஒருத்தியாகத்தான் செய்தேன்: புரோகிராம்கள் தங்களுக்குள் மெசேஜ் அனுப்பிக்கொள்ள உதவும் ஜீரோஎம்க்யூவை ஹாஸ்கெலில் இருந்து பயன்படுத்த ஒரு லைப்ரரி. எப்படி என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

வேலை தேடும்போது காட்டுவதற்கு ஏதாவது செய்து வைக்கலாம் என்று கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியே வைத்துக்கொள்வோம். "ஜீரோஎம்க்யூவுக்கு ஏற்கனவே ஹாஸ்கெல் லைப்ரரி இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது, தெரியும், என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. தெருமுனையில் நாசி கண்டார் கடை இருக்கிறது என்பதற்காக வீட்டில் யாரும் அடுப்பை அணைத்துவிடுவதில்லை.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் எஞ்சினியர். சர்க்கியூட் போர்டுகளைச் சோதிக்கும் இயந்திரங்கள் பதினொன்று. ஒவ்வொன்றும் பாஸா ஃபெயிலா என்று ஒரு ஃபைலில் எழுதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு புரோகிராம் போய் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வரும். நெட்வொர்க் ஃபோல்டர் தொங்கினால் அதுவும் சேர்ந்து தொங்கும். முடிவு வந்தவுடன் இயந்திரமே அனுப்பிவிட்டால் என்ன என்று தோன்றியது. ரேபிட்எம்க்யூ என்ற இன்னொரு மெசேஜிங் மென்பொருளைப் போட்டால் நடுவில் ஒரு சர்வரை வைத்துக் கட்டிக் காக்கவேண்டும். ஜீரோஎம்க்யூவில் அது இல்லை, இரண்டு பக்கமும் ஒரு லைப்ரரி இருந்தால் போதும். அந்த லைப்ரரி சி, சி++ ஆட்களுக்கானது. ஹாஸ்கெலில் இருந்து எஃப்எஃப்ஐ (வேறு மொழி ஃபங்ஷன்களைக் கூப்பிடும் வசதி) வழியாக அதைக் கூப்பிடவேண்டும்.

முதல் பதிப்பை இரண்டு சனி ஞாயிறில் எழுதிவிட்டேன். அதில் முதல் தவறு, மெசேஜுக்காகக் காத்திருக்கும் ஃபங்ஷனை 'அன்சேஃப்' என்று இறக்குமதி செய்தது. வேகமாக இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். வேகம்தான், உடனே திரும்பிவரும் ஃபங்ஷன்களுக்கு. காத்திருக்கும் ஃபங்ஷனை அப்படிக் கூப்பிட்டால், ஹாஸ்கெலின் குட்டி த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) எல்லாம் அது திரும்பும்வரை வாசலில் நிற்கும். பயன்படாத மெமரியைக் கூட்டி எடுக்கும் கார்பேஜ் கலெக்டரும் நிற்கும். 'சேஃப்' என்று மாற்றி, 'த்ரெடட்' ஆப்ஷனோடு கம்பைல் செய்தபின் சரியானது. இது எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான்.

எனக்குத் தூக்கம் போனது அடுத்த தவறில். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் (மெசேஜ் வந்துபோகும் வாசல்) ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு முழு த்ரெட்டை ஏன் வீணாக்கவேண்டும் என்று, ஜீரோஎம்க்யூ தரும் ஃபைல் டிஸ்கிரிப்டர் என்ற எண்ணை வாங்கி, அதில் அசைவு தெரிந்ததும் எழுந்து படிக்கும்படி மாற்றினேன். மேசையில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. தொழிற்சாலை லைனில் போட்ட மூன்றாம் நாள் காலை டீ நேரம், டெக்னீஷியன் தம்பி வந்து நின்றான்.

"அக்கா, நாப்பத்தெட்டு போர்டு ஓட்டினேன். ஸ்கிரீன்ல நாப்பத்தேழுதான் இருக்கு லா."

போய்ப் பார்த்தேன். நாற்பத்தேழுதான். மறுபடி எண்ணச் சொன்னேன், ட்ரேயில் நாற்பத்தெட்டு. சரி, ஒன்று தொலைந்துவிட்டது, வலையில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். டீ முடிந்து வந்து அடுத்த ட்ரேயின் முதல் போர்டை வைத்தான். அது சோதித்து முடிந்த நொடியில் நாற்பத்தெட்டாவது போர்டின் முடிவு ஸ்கிரீனில் வந்து உட்கார்ந்தது, பதினைந்து நிமிடம் பழைய நேரத்தோடு. இப்போது புதிய போர்டின் முடிவைக் காணவில்லை! எங்கும் எதுவும் தொலையவில்லை. எல்லாமே ஒன்று தள்ளி வந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். அந்த டிஸ்கிரிப்டர் 'எட்ஜ் ட்ரிகர்' வகை. தபால்காரர் மணியை ஒருமுறைதான் அடிப்பார், பெட்டியில் மூன்று கடிதம் போட்டாலும். நான் மணி கேட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து அடுத்த மணிக்காக உட்கார்ந்திருந்தேன். எழுந்த பிறகு, இனி ஒன்றும் இல்லை என்று சாக்கெட்டே சொல்லும்வரை படிக்கவேண்டும். ஜீரோஎம்க்யூ ஆவணத்தில் இது எழுதித்தான் இருக்கிறது. நான் படித்தும் இருந்தேன். மேசையில் ஒவ்வொரு மெசேஜாக நிதானமாக அனுப்பிச் சோதித்ததால் இரண்டு ஒன்றாக வரவே இல்லை. லைனில் பதினொரு இயந்திரம் ஒரே நேரத்தில் பேசும்.

இன்னொன்று, மூடுவது. சாக்கெட்டை மூடாமல், சாக்கெட்டுகளைத் தாங்கும் கான்டெக்ஸ்டை முடிக்கப் பார்த்தால் புரோகிராம் அப்படியே நிற்கும். மூடினாலும், போய்ச்சேராத மெசேஜ் இருந்தால் 'லிங்கர்' அமைப்பு இயல்பாகவே முடிவில்லாமல் காத்திருக்கும். லைப்ரரி எழுதுகிற நீங்கள் இதைப் பயன்படுத்துபவர் தலையில் கட்டக்கூடாது. ஹாஸ்கெலின் 'பிராக்கெட்' ஃபங்ஷனை வைத்து, திறந்தது எப்படியும் மூடப்படும்படி செய்து கொடுங்கள்.

வெளியிடுவது பெரிய விஷயம் இல்லை. ஹாஸ்கெல் லைப்ரரிகளைப் பகிரும் ஹாக்கேஜ் தளத்தில் கணக்கு திறந்தவுடன் ஏற்றிவிட முடியாது, அனுமதி கேட்கவேண்டும். ஏற்றிய பதிப்பை அழிக்கவும் முடியாது, ஆகவே முதலில் வெள்ளோட்டத்துக்கான 'கேண்டிடேட்' ஆகப் போட்டுப் பாருங்கள். உரிமம், தளர்வான பிஎஸ்டி3 வைத்தேன். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி ஹாஸ்கெல் லைப்ரரிகளை இயல்பாக ஸ்டாட்டிக்காக, புரோகிராமுக்குள்ளேயே சேர்ப்பதால், லைப்ரரியை மாற்றிச் சேர்க்க வழிவிடக் கேட்கும் எல்ஜிபிஎல் உரிமம் என்றால் கம்பெனிக்காரர்கள் கிட்டேயே வரமாட்டார்கள்.

கம்பெனி என்றதும் ஞாபகம் வருகிறது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி, வேலையின் பகுதியாக எழுதியதன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே போகும். நான் வீட்டில், என் லேப்டாப்பில்தான் எழுதினேன். ஆனாலும் லைனில் ஓட்டிவிட்டேனே? எழுத்தில் ஒரு கடிதம் வாங்க எச்ஆரிடம் ஏழு வாரம் நடந்தேன். "நீங்க எழுதினது ஆப்பா?" என்று மூன்றுமுறை கேட்டார்கள். இதே எச்ஆர்தான் எஞ்சினியர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அந்த பஸ், இயந்திரம் ஓட்டும் ஆபரேட்டர்களுக்கு மட்டுமாம். பாதி காலியாகத்தான் போகிறது. பட்டர்வொர்த்திலிருந்து தினமும் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடக்கிறேன். 2019 ஜனவரியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை என்பது உண்மைதான், ஆனால் காற்றோடு மழை பிடித்தால் நடுக்கடலில் டோல் மிச்சத்தை வைத்து என்ன செய்வது? சரி, அதை விடுங்கள்.

ஆக, கடிதத்தை முதலில் வாங்குங்கள், புரோகிராமை அப்புறம் எழுதுங்கள். நீங்கள் மாணவர் என்றால் இந்தத் தொல்லை இருக்காது.

என் டெஸ்ட் தொகுப்பில் முதல் டெஸ்ட் இப்போது இதுதான்: நாற்பத்தெட்டு மெசேஜை ஒரே மூச்சில் அனுப்பி, நாற்பத்தெட்டும் வந்ததா என்று எண்ணும். அதற்கு அந்தத் தம்பியின் பெயரையே வைத்திருக்கிறேன். வேறு சந்தேகம் இருந்தால் கேளுங்கள். ஏன் பைத்தானில் எழுதவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.