கேள்வி – பதில்: போட்ட சாலை ஏன் நிலைப்பதில்லை?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாலைகளைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊருக்கு வரும் சாலை சென்ற கோடையில்தான் புதிதாகப் போடப்பட்டது. இரண்டு பக்கமும் வயல். மழை பெய்தால் தண்ணீர் சாலையிலேயே நிற்கும். ஒரே மழைக்காலத்தில் குண்டும் குழியுமாகிவிட்டது. தாரைக் குறைத்துப் போட்டதுதான் காரணமா?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை வட்டம்

பதில்: தார் குறைந்தாலும் சாலை கெடும். மேல்தளக் கலவையின் எடையில் தார் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மற்றதெல்லாம் ஜல்லியும் கல்தூளும். அந்தச் சிறிய பங்கில் கொஞ்சம் குறைந்தாலும் ஜல்லிகளைப் பிணைக்கும் படலம் மெலிந்துபோகும். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது, தாரைக் காட்டிலும் ‘தண்ணீர் சாலையிலேயே நிற்கும்’ என்ற சொற்களே என்னை நிறுத்தின.

நம் கண்ணுக்குத் தெரியும் கறுப்புத் தளம் சாலையின் மேல்தோல் மட்டுமே. வண்டியின் பாரத்தை உண்மையில் சுமப்பது அதன் கீழே உள்ள ஜல்லிப் படுகையும், அதற்கும் கீழே உள்ள மண்ணும்தான். காவிரிப் படுகையின் களிமண்ணும், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணும் காய்ந்திருக்கும்போது கல்போல இறுகியிருக்கும். ஈரம் ஏறினால் அந்த வலு பெருமளவு போய்விடும். கரிசல் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, மேலே உள்ள தளத்தையும் வெடிக்க வைக்கும். அப்படி விழுந்த விரிசலில் தண்ணீர் இறங்கிய பிறகு, ஒவ்வொரு சக்கரமும் அதன் மீது ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் நீர் அழுத்தப்பட்டு, நுண்மண்ணையும் கரைத்துக்கொண்டு வெளியே பீறிடும். கீழே பொந்து விழுந்த இடத்தில் மேல்தளம் உடைந்து உள்ளே அமிழும். நாம் குழி என்று சொல்வது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். இதற்கிடையில் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்த நீர் தாரைக் கல்லிலிருந்து உரித்துவிடுவதும் தனியே நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே சாலை போடுபவரின் முதல் வேலை, விழுந்த மழையை உடனே ஓரத்துக்கு அனுப்புவது. மழை மிகுந்த பகுதியில் தார்ச்சாலையின் நடுப்பகுதி ஓரத்தை நோக்கி 2.5 சதவீதம் சரிய வேண்டும். மூன்றே முக்கால் மீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தடச் சாலையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 4 முதல் 5 செ.மீ. வரை உயர வேறுபாடு இருக்கும். அந்தச் சரிவைச் சரியாக அமைத்தாலும், ஓரத்து மண் புல் மண்டித் தார்த்தளத்தைவிட மேடாகிவிட்டால் தண்ணீர் போக வழியில்லை. உங்கள் ஊரில் வயலுக்கும் சாலைக்கும் இடையே வாய்க்கால் இருந்திருக்கும். அது இப்போது எங்கே என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தார்க்கலவை 150 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் தயாராகிறது. அது 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலரால் உருட்டி முடித்தாக வேண்டும். தொலைவிலிருந்து லாரியில் வந்து, வழியில் காத்துக் கிடந்து ஆறிப்போன கலவை எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. பார்வைக்குப் புதுச் சாலையாகத் தெரிந்தாலும், அது கடற்பஞ்சைப் போல நீரை உள்ளே விடும்.

கேள்வி: சாலை கெடுவதற்குக் கனரக லாரிகளே காரணம் என்கிறார்கள். எங்கள் கார்களுக்கும் அதில் பங்கில்லையா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மிகச் சிறிய பங்குதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மீதுள்ள பாரம் இரு மடங்கானால் சேதமும் இரு மடங்காவதில்லை, ஏறத்தாழ 16 மடங்காகிறது என்று அதிலிருந்து தெரியவந்தது. அதாவது, சேதம் பாரத்தின் நான்காம் அடுக்கில் (2×2×2×2 = 16 என்பதைப் போல) உயர்கிறது. அச்சுக்கு 600 கிலோ சுமக்கும் காரையும் 10.2 டன் சுமக்கும் லாரி அச்சையும் இந்தக் கணக்கில் ஒப்பிட்டால், லாரி அச்சு ஒருமுறை கடப்பது கார் அச்சு எண்பதாயிரம் முறைக்கு மேல் கடப்பதற்குச் சமம்.

இந்தியாவில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அந்த 10.2 டன்தான் உச்ச வரம்பாக இருந்தது. 2018-இல் அது 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. வேறுபாடு 1.3 டன்தான் என்றாலும், நான்காம் அடுக்குக் கணக்கில் சேதம் அறுபது சதவீதம் கூடுகிறது. பழைய வரம்பை மனத்தில் வைத்துக் கட்டிய சாலைகளிலும் இந்த அச்சுகள் ஓடுகின்றன. ஆனால் இதற்காக லாரி ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு ஏற்றுவது என்பதைச் சரக்கின் சொந்தக்காரரும் வாடகைப் பேரமும் தீர்மானிக்கின்றன. ஓட்டுநர் அதை ஓட்டிச் செல்கிறார்.

கேள்வி: எங்கள் தெருவில் தார் போட்ட மறுமாதமே குழாய்க்காகத் தோண்டிவிட்டார்கள். மூடிய இடம் பள்ளமாகவே கிடக்கிறது. ஏன் அதைச் சரியாக மூட முடியவில்லை?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: முடியும். தோண்டிய மண்ணை ஒரு சாணுக்கும் குறைவான அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து, இடித்து இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். அதற்கு நேரமும் ஆளும் தேவை. அவசரத்தில் மண்ணை ஒரே மூச்சில் தள்ளி மேலே ஜல்லியைப் பரப்பிவிடுவதால், முதல் மழையில் அது அமிழ்ந்து பள்ளமாகிறது. குழாய் பதிப்பது ஒரு துறை, தெருவைச் சீரமைப்பது இன்னொரு துறை என்பதால், நடுவே உள்ள இந்த இடிக்கும் வேலைக்குப் பொறுப்பாளி இல்லாமல் போகிறது.

பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மீதே புதுத் தளம் போடுவதால் வீடுகள் பள்ளத்துக்குப் போகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-இலேயே அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும் நாளில் சுரண்டும் இயந்திரம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். தார் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

கேள்வி: பிளாஸ்டிக் கழிவைக் கலந்து போட்டால் சாலை கெடாதாமே?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: உங்கள் ஊரின் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கிய முறை அது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சூடான ஜல்லியின் மீது உருகிய பிளாஸ்டிக் படலமாகப் படிவதால் தார் எளிதில் உரிவதில்லை. நல்ல முறை. ஆனால் அடிமண் நனைந்து இளகினால் அந்தச் சாலையும் அமிழும்.

கேள்வி: காரணங்கள் எல்லாம் தெரிந்திருந்தும், சாலைகள் ஆண்டுக்கணக்கில் மோசமாகவே கிடப்பது ஏன்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவண்ணாமலை

பதில்: சாலை போடுவதற்குப் பணம் ஒதுக்குகிறோம், அதைக் காப்பதற்கு ஆளை ஒதுக்குவதில்லை. என் சிறுவயதில் எங்கள் ஊர்ச் சாலையில் மண்வெட்டியும் கூடையுமாக ஒருவர் வருவார். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஓரத்துப் புல்லைச் செதுக்கி, தண்ணீர் இறங்கச் சிறு சிறு வாய்கள் வெட்டிவிட்டு, சிறுபாலத்தின் அடைப்பையும் எடுத்துவிடுவார். அவர் செய்வது பெரிய வேலை என்று அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

தமிழக நெடுஞ்சாலைத் துறையில் 1997-இல் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2002-இல் அவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டு, 2006-இல் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிடக் கோரி அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஒரு விரிசலை அன்றே தார் ஊற்றி அடைக்க ஒருவருக்கு அரைமணி நேரம் போதும். அந்த ஒருவர் இல்லாத சாலையில், விரிசல் குழியாகி, குழி பெருகி, மொத்தத் தளத்தையும் மாற்றும் டெண்டருக்கு வந்து நிற்கிறது.

டெண்டர் முறையிலும் சிக்கல் உண்டு. மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே வேலை போகிறது. அவரது பொறுப்பும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அதற்கு மாற்றாக, பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, 5 ஆண்டுகள் சாலையை நல்ல நிலையில் வைத்திருப்பதற்கே பணம் தரும் ஒப்பந்த முறையை நெடுஞ்சாலைத் துறை கொண்டுவந்தது. குழி விழுந்தால் ஒப்பந்ததாரருக்கே நட்டம் என்பதால், விரிசலிலேயே அதை அடைக்க அவருக்குக் காரணம் இருக்கிறது. ஊராட்சிச் சாலைகளுக்கும் இது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு 2023 முதல் ‘நம்ம சாலை’ என்ற செயலி இருக்கிறது. குழியைப் படம் எடுத்து அதில் அனுப்பலாம். அதோடு, அடுத்த புரட்டாசியில் உங்கள் ஊர்ச் சாலையின் ஓரமாக ஒருமுறை நடந்து, எங்கெங்கே மண் மேடேறியிருக்கிறது, எந்தச் சிறுபாலம் அடைபட்டிருக்கிறது என்று குறித்து, உதவிப் பொறியாளருக்கு எழுத்து மூலம் கொடுங்கள். ஒப்புகையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.